குறைத்துக் கேட்டவள்

நாவுல
2025 ஜூலை 28

தங்கச்சி நூருன்னிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன்.

உன் போனை நான் ஏன் எடுப்பதில்லை என்று உனக்கே தெரியும். உன் நம்பரை நிறுத்தி வைத்திருக்கிறேன். பேசினால் என் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது. கடை வாசலில் நின்று கூடப் பிறந்தவளை ஏசினான் என்ற பெயர் இந்த வயதில் எனக்கு வேண்டாம். எழுதினால் கையாவது கொஞ்சம் யோசிக்கும்.

சனிக்கிழமை காடு காக்கும் திட்டத்தின் கந்தோரிலிருந்து நிமலன் தம்பி பேசினார். உக்குவளை மேல்மலைப் பக்கம் இந்த வருஷம் எடுத்த காணிகளில் கடைசி இடம் உன்னுடைய கீழ்த் துண்டுக்குப் போய்விட்டதாம். என்னுடைய மேல் துண்டை எடுக்கவில்லையாம். எப்படி என்று கேட்டேன். "அவங்க உங்கள விடக் குறைச்சுக் கேட்டிருக்காங்க முதலாளி" என்றார். திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையேதான் சொன்னார்.

கூட்டத்துக்கு நாம் இரண்டு பேரும்தானே போனோம்? மரத்தை வெட்டாமல் காட்டைக் காடாகவே வைத்திருக்க வருஷத்துக்கு எவ்வளவு வேண்டுமென்று காணிக்காரர் ஒவ்வொருவரும் மூடிய உறையில் எழுதிப் போட வேண்டும். குறைத்துக் கேட்டவரிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். திட்டத்துக் காசு தீர்ந்த இடத்தில் நிறுத்துவார்கள். இதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார்கள். நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். பிறகு உன் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து, வேறு ஒருவருக்கும் சொல்லாத என் தொகையை உனக்குச் சொன்னேன். நீயும் அதையே எழுது என்றேன். தலையாட்டினாய். ஆட்டிவிட்டு எனக்குக் கீழே எழுதியிருக்கிறாய்.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அந்தக் காசு எனக்குப் பெரிதில்லை. றம்ஸீன் இரண்டு வருஷமாக என் உயிரை எடுக்கிறான். மேல் காட்டு மரத்தை மரக்காலைக்குக் கொடுத்து அவனுக்கு வேன் எடுக்க வேண்டுமாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், "நான் என்ன செய்ய மகன், பத்து வருஷத்துக்கு ஒரு கிளையையும் தொட ஏலாது" என்று சொல்லித் தப்பலாம் என்று இருந்தேன். அந்தக் கதவை நீ சாத்திவிட்டாய். இனி அவனுக்கு நான் என்ன சொல்வது?

சாலிஹ்


உக்குவளை
2025 ஆகஸ்ட் 3

நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி அடங்கிக் கருகியும் போய்விட்டது. நிஷ்மியா ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "யாரும் மவுத்தாப் போயிட்டாங்களா உம்மா?" என்று கேட்டாள்.

நானா, உங்களை வெல்ல நான் எழுதவில்லை. அல்லாஹ் மீது ஆணையாக, உங்களுக்கு ஒதுங்கி நிற்கத்தான் எழுதினேன்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்கு மறந்துவிட்டதா? கந்தூரி முடிந்து பள்ளியில் சேவலையும் பலாப்பழத்தையும் ஏலம் விடும்போது, நம் வீட்டில் ஒருவர் வாய் திறந்து ஒரு விலை கேட்டுவிட்டால் மற்றவர் அதற்கு மேலே கேட்கக் கூடாது என்று வாப்பா சொல்லி வைத்திருந்தாரே. சின்ன சாச்சா ஒரு தடவை வாப்பாவுக்கு மேலே கேட்டுவிட்டு ஒரு வருஷம் நம் படி மிதிக்காமல் இருந்தார். திரைக்குப் பின்னால் இருந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். உங்கள் தொகையைச் சொன்னீர்கள். அதையே எழுதப் பேனாவை எடுத்தேன். நானாவுக்குச் சரிசமமாக நானும் கேட்பதா என்று கை கூசியது. அதனால் கொஞ்சம் கீழே எழுதினேன். நானா முன்னுக்கு நிற்கட்டும், நான் பின்னுக்கு நிற்கிறேன் என்று நினைத்தேன்.

குறைத்துக் கேட்டால் நல்லது என்று கூட்டத்தில் சொன்னார்கள்தான். நான் அதை மரியாதைக்குச் சொல்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். ஆசைப்படாதீர்கள், அடக்கமாகக் கேளுங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அப்படி. கீழே கேட்டவனுக்குக் கொடுக்கிற ஏலத்தை நான் எங்கே கண்டேன்?

நேற்று நிஷ்மியாதான் விளங்கப்படுத்தினாள். "இது மத்தப் பக்கத்து ஏலம் உம்மா. நீங்க ஒதுங்கயில்ல, மாமாவத் தள்ளிப்போட்டு உள்ளுக்குப் போயிருக்கிறீங்க" என்றாள். கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

ஆனால் நானா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பெற்ற மகனுக்கு இல்லை என்று சொல்ல ஒரு வாப்பாவுக்கு ஒப்பந்தம் வேண்டுமா? மேல் காட்டுக்குள்தானே ஊற்று இருக்கிறது? அந்த மரம் போனால் கீழே என் மிளகுக்கும் தண்ணீர் இல்லை, நம் காணி வேலைக்கு வருகிற செல்லச்சாமி ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கும் இல்லை. அதை அவனிடம் சொல்லுங்கள்.

என் நம்பரைத் திறந்து விடுங்கள். பீபி மச்சியும் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்புக்குப் போய்விட்டார். உங்கள் வீட்டில் நான் யாரோடு பேசுவது?

உங்கள் தங்கை
நூருன்னிஸா


நாவுல
2025 ஆகஸ்ட் 9

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. கல்லாவுக்குப் பின்னால் வைத்து இரண்டு முறை வாசித்தேன். நீ சொல்வதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மரியாதைக்குக் குறைத்து எழுதினாளாம். இதை வெளியில் சொன்னால் நாவுலையே சிரிக்கும்.

றம்ஸீனிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "மாமி வெவரமானவ வாப்பா. பள்ளி ஏலத்தச் சொல்லி ஒங்கள மடக்கப் பாக்குறா" என்றான். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கடைசி இடத்தில் உன் பெயர் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்ல?

மகனுக்கு இல்லை என்று சொல்ல ஒப்பந்தம் வேண்டுமா என்று கேட்டாய். சுருக்கென்றுதான் இருந்தது. உனக்குப் பெண் பிள்ளை ஒன்று, படித்து ஆசிரியையாகி உன்னோடு இருக்கிறாள். எனக்கு ஒரே மகன். மூன்று வேலை மாறிவிட்டான். ஒவ்வொரு தடவையும் "வாப்பா எனக்கு என்ன செஞ்சீங்க" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு முன்னால் நின்று பார்த்தால் தெரியும்.

மரக்காலைக்காரர் வந்து மேல் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எவ்வளவு நாள் இப்படி இழுக்க முடியுமென்று தெரியாது. உன்னால் ஏதாவது செய்ய முடிந்தால் செய். முடியாவிட்டால் பள்ளி ஏலத்துக் கதையை எனக்கு எழுத வேண்டாம்.

சாலிஹ்


உக்குவளை
2025 ஆகஸ்ட் 16

நானாவுக்கு,

வேலையை முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமென்று இருந்தேன். அதனால் சுணங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், முடித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே நிஷ்மியாவையும் கூட்டிக்கொண்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினேன். நிமலன் தம்பியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, என் பெயரை வெட்டிவிடுங்கள், அந்த இடத்தை நானாவுக்குக் கொடுங்கள் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "இடம் கிடைக்கல்லன்னு சண்டைக்கு வந்தவங்கள பாத்திருக்கேன்மா. கிடைச்சத வேணான்னு வந்தவங்கள இப்பதான் பாக்கிறேன்" என்றார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். நல்ல பிள்ளை.

இதில் தனியாள் பார்த்து இடம் கொடுக்க முடியாதாம். ஆனால் நான் விலகினால் அடுத்த இடத்தில் இருப்பவர் தன்னால் உள்ளே வருவாராம். அடுத்த இடத்தில் இருப்பது நீங்கள்தான். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நிஷ்மியா முழங்கையால் இடித்தாள். வருஷா வருஷம் வரப்போகிற காசை விடுகிறேனே என்று அவளுக்கு வயிற்றெரிச்சல். அவளிடம் சொன்னேன், எனக்கு மிளகு இருக்கிறது, அது போதுமென்று.

இனிக் கவனமாக வாசியுங்கள். 26ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, நிமலன் தம்பியும் வன அதிகாரி ஒருவரும் மேல் காட்டைப் பார்க்க வருகிறார்கள். முதலில் எடுத்த போட்டோவில் இருந்தபடியே காடு நிற்க வேண்டுமாம். நின்றால் அன்றைக்கே உங்களுக்கு ஒப்பந்தம். நீங்கள் நினைத்தபடியே றம்ஸீனிடம் காட்டலாம், என் கை கட்டப்பட்டிருக்கிறது மகன் என்று சொல்லலாம்.

கடிதம் சுணங்கினால் என்ன செய்வதென்று நேற்று றம்ஸீனுக்கும் போன் பண்ணினேன். அவன் நம்பரையாவது நீங்கள் நிறுத்தவில்லையே. எல்லாவற்றையும் சொன்னேன், வாப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு என்றேன். "சரி மாமி, சொல்றேன்" என்றான். நல்லபடியாகத்தான் பேசினான். என்னமோ அவனைப் பற்றி நாம்தான் கூடுதலாக நினைத்துவிட்டோம்.

நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை. காட்டைக் காட்ட நான் போவேன்.

தங்கை
நூருன்னிஸா


நாவுல
2025 ஆகஸ்ட் 20

நூருன்னிஸாவுக்கு,

தபால் வேலைநிறுத்தம் என்கிறார்கள். இதை எழுதி மேசையில் வைக்கிறேன், முடிந்ததும் போடுவேன். வேலைநிறுத்தம் தொடங்க முதல் உனக்கு எழுத நாள் இருந்தது. ஏதாவது செய் என்று நான் வாய்விட்டுக் கேட்டும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கிடைத்ததை வைத்துக்கொள்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை றம்ஸீன் முன்னால் வந்து நின்றான். "மாமி ஒண்டும் செய்ய மாட்டா வாப்பா. இனி என்ன பாத்துக்கொண்டிருக்கிறீங்க?" என்றான். உனக்கு விருப்பமானதைச் செய் என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. அவன் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

திங்களும் செவ்வாயும் வெட்டினார்கள். நான் போகவில்லை. இன்றைக்கும் லொறி ஓடுகிறது. நேற்று மாலை போட்டோ காட்டினான். பார்க்காமலே நல்லது என்றேன்.

என் நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்கு எழுத மாட்டேன். நீ அதைக் கேட்கவும் இல்லை.

சாலிஹ்


உக்குவளை
2025 ஆகஸ்ட் 27

நானாவுக்கு,

நீங்கள் 20ஆம் திகதி எழுதியது இன்றைக்குக் காலையில்தான் கிடைத்தது. நேற்றுக் கிடைத்திருந்தால் நான் மலை ஏறியிருக்க மாட்டேன்.

நேற்று விடிய எழுந்து கிழங்கு ரொட்டி சுட்டேன், வருகிறவர்களுக்குக் கொடுக்க. புதுச் சாரி உடுத்தினேன். நிமலன் தம்பியும் வன அதிகாரியும் ஜீப்பில் வந்தார்கள். நான் முன்னால் இருந்து வழி காட்டினேன். வழி நெடுக உங்களைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் நானாவின் காட்டுக்குள் போனால் நடுப்பகலிலும் குளிரும், வெயில் கீழே விழாது என்று அந்த அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அளந்துகொண்டு போனேன். நிமலன் தம்பிக்கு என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பு.

செல்லச்சாமி வீட்டு வளைவு தாண்டினதும் கண் கூசியது. அங்கே எப்போதும் இருட்டுத்தானே நானா? வழி தப்பிவிட்டோம், திருப்புங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அவர் நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் எனக்கு விளங்கியது. வழி சரிதான். காட்டைத்தான் காணோம்.

கையில் இருந்த ரொட்டிப் பொதியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். ஊற்றுப் பக்கமெல்லாம் சேறும் மரத்தூளும், நடுவில் லொறிச் சக்கரம் போன தடம். ஊற்றுக்கு மேலே நின்ற பெரிய நாக மரமும் இல்லை. அடிக்கட்டையில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. மேற்குச் சரிவில் மட்டும் கொஞ்சம் மீந்திருக்கிறது, லொறி ஏற முடியாத இடம்.

செல்லச்சாமி ஓடி வந்து கும்பிட்டார். அழுதுகொண்டுதான் பேசினார். "றம்ஸீன் தம்பிதாம்மா வந்தாரு. மாமியும் சம்மதிச்சிட்டாங்கன்னு சொன்னாரு. அதான் ஒங்களுக்குப் போன் பண்ணாம இருந்துட்டேன்மா. நானும் மரத்தத் தூக்கக் கூடமாட நின்னேன்" என்றார். அவருடைய லயத்துப் பீலியிலும் தண்ணீர் கலங்கித்தான் வருகிறதாம்.

நான் சம்மதித்தேனாம். நானா, நான் போன் பண்ணிச் சொன்னதை றம்ஸீன் உங்களிடம் சொல்லவே இல்லையா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்றைக்குக் காலையில் அதை வாசித்துவிட்டு இதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவு நல்லபடியாகப் பேசினானே.

நிமலன் தம்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனி அந்த இடம் வேறு யாரோ ஒருவருக்குப் போகும். என் துண்டையும் நான் விட்டுவிட்டேன். அது முடிந்த கதை. ஆனால் வன அதிகாரி விடவில்லை. ஊற்றுக்கு இவ்வளவு கிட்டே அனுமதி இல்லாமல் வெட்டியது குற்றம், வழக்குப் போட வேண்டும் என்றார். வெட்டச் சொன்னது யார் என்று கேட்டார்.

நான் என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நீங்கள் நாவுலையில் இருக்கிறீர்கள், இரண்டு துண்டையும் பார்ப்பது நான்தான், நான்தான் ஆள் பிடித்து வெட்டினேன் என்றேன். நிமலன் தம்பி, "அம்மா, வேணாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார்கள். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பொலிசுக்கும் பிறகு கோர்ட்டுக்கும் கூப்பிடுவார்களாம்.

நிஷ்மியா இரவெல்லாம் என்னோடு சண்டை. பிள்ளைக்கு என்ன தெரியும்? இந்த வயதில் நீங்கள் கூண்டில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. றம்ஸீன் நின்றால் உங்கள் உயிர் போய்விடும். நான் பொம்பிளை, விதவை, பார்த்து விட்டுவிடுவார்கள். நீங்கள் இதில் தலையிட வேண்டாம். ஒன்றும் தெரியாதவர் போல இருந்துவிடுங்கள்.

நூருன்னிஸா


நாவுல
2025 ஆகஸ்ட் 29

தங்கச்சி,

உன் இரண்டு கடிதமும் இன்றைக்கு ஒன்றாகத்தான் வந்தன. 16ஆம் திகதி எழுதியதை முதலில் பிரித்தேன். கடையில் ஆள் நின்றது. சாமானை நிறுத்துக்கொண்டே வாசித்தேன். பாதியில் தராசை அப்படியே விட்டுவிட்டேன். அந்த மனிதர் மூன்று தரம் கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு உள்ளே போய்த்தான் மற்றதைப் பிரித்தேன்.

நீ போன் பண்ணியதை அவன் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் உன்னைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தபோது, நீ உன் பெயரை வெட்டிவிட்டாய் என்று தெரிந்துகொண்டே என் முன்னால் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறான்.

ஜும்ஆ முடிந்து வந்ததும் கேட்டேன். "மறந்துட்டேன் வாப்பா" என்றான். மாமியும் சம்மதம் என்று செல்லச்சாமியிடம் சொல்ல மட்டும் மறக்கவில்லையா என்று கேட்டேன். என் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. அவனை அடித்து என்ன? விருப்பமானதைச் செய் என்றது அவன் இல்லை, நான். உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு, பஸ் ஏறி வந்து உன் வாசலில் நிற்காமல் கடைக்குள் இருந்ததும் நான். மாத்தளைக்கு எவ்வளவு தூரம்? ஒரு பஸ்.

வேன் வாங்கித் தர மாட்டேன் என்று அவனிடம் சொன்னேன். இல்லை என்றேன். ஒப்பந்தம் ஒன்றும் கையில் இல்லாமலே சொன்னேன். அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான், அவனுக்கு நான் என்ன செய்தேன் என்று. உனக்காக உன் மாமியைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன். அவன் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

கூண்டில் நிற்கப்போகிறாளாம். வாப்பாவின் மகள், என் தங்கச்சி, நான் வெட்டச் சொன்ன மரத்துக்கு நிற்கப்போகிறாளாம். உனக்கு மூளை கலங்கிவிட்டதா?

இப்போதே நிமலன் தம்பிக்குப் பேசினேன். வெட்டச் சொன்னது நான் என்றேன். "முதலாளி, அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. இப்ப நீங்க வந்து சொன்னா, தங்கச்சியக் காப்பாத்த நானா வந்திருக்கார்னுதான் நினைப்பாங்க" என்றார். நீ சொன்னதை நீயே மாற்றிச் சொல்ல வேண்டுமாம். வேறு வழி இல்லையாம்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் மாத்தளைக்கு வருகிறேன். றம்ஸீனும் வருகிறான். மாட்டேன் என்றான், வா என்றேன். நேரே உன் வீட்டுக்கு வந்து உன்னையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போவோம். இந்தக் கடிதத்தை என் கையாலேயே உன்னிடம் தருவேன். வாய் திறந்தால் எனக்கு அழுகை வந்துவிடும், அதனால்தான் எழுதி வைக்கிறேன். வாசலில் நின்றே வாசி. வாசித்துவிட்டு எனக்காக ஒன்றும் யோசிக்காதே, என் வயதைப் பார்க்காதே, நானா என்றும் பார்க்காதே. நான் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

என்னைக் காட்டிக்கொடு, தங்கச்சி.

சாலிஹ் நானா